டெட்டால் வாசமும் கருப்பட்டி வாசமும்
வாசகர் கேள்வி பதில்: இந்த வாரம் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில மொளகட்டின பார்லில மட்டும் செய்யுற விஸ்கி)

கேள்வி: அண்ணே, தீபாவளிக்கு ஃப்ரெண்டு ஒருத்தன் லாஃப்ராய்க் 10 விஸ்கி ஒரு பாட்டில் குடுத்தான். மூடிய தொறந்ததுமே பாலிகிளினிக் வாசம், ஒரு வாய் வச்சா டெட்டால் ஊத்துன மாதிரி இருக்கு. அவன் என்னடான்னா "இதான்டா உண்மையான விஸ்கி, உனக்குத்தான் டேஸ்ட் தெரியல"ங்கறான். என் நாக்குல ஏதும் கோளாறா?
- வாசகர், ஈசூன்

பதில்: கோளாறே இல்ல தம்பி, உங்க மூக்கு ரொம்ப கரெக்டா வேலை பாக்குது. லாஃப்ராய்க் ஸ்காட்லாந்துல ஐலாங்கற தீவுல செய்யுறது. அங்க மரம் கம்மி, அதனால சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிக் கெடக்குற பாசி, செடி கொடியெல்லாம் வெட்டி எடுத்து காயவச்சு அதத்தான் எரிப்பாங்க, பீட்னு பேரு. மொளகட்டின பார்லிய அந்தப் புகையில உலத்தும்போது ஃபீனால், கிரிசால், குவையக்கால்னு புகையில இருக்கற வாசப் பொருளெல்லாம் தானியத்துல ஒட்டிக்கும், அப்புறம் ரெண்டு தடவ வடிச்சாலும் போகாது பத்து வருஷம் பீப்பாயில கெடந்தாலும் போகாது. டெட்டால்ல இருக்கறதும் ஃபீனால் குடும்பந்தான், அதான் உங்களுக்கு டக்குனு அது ஞாபகம் வந்துருக்கு.

இன்னொன்னு சொல்றேன், சிங்கப்பூர்ல இருக்கற நமக்கு பீட் புகை புதுசே இல்ல. 2013 ஜூன் மாசம் நெனச்சுப் பாருங்க, காத்து மாசக் காட்டுற பிஎஸ்ஐ 401 வரைக்கும் போச்சே, அன்னிக்கு சுமத்ராவுல எரிஞ்சதும் பீட் நிலந்தான். ஜன்னல் இடுக்குல ஈரத்துணி சொருகி வச்சுட்டு வீட்டுக்குள்ள மாஸ்க் போட்டு உக்காந்திருந்தோம். அந்த வருஷக் கடைசியில ஒருத்தர் வீட்ல எனக்கு லகவூலின் 16, அதுவும் ஐலா புகை விஸ்கிதான், ஊத்திக் குடுத்தாங்க, மூக்குகிட்ட கொண்டு போனதுமே அந்த ஜூன் மாசம் வந்து நின்னுச்சு, கீழ வச்சுட்டேன். அத எடுத்துக் குடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்கு நடுவுல டாலிஸ்கர் 10 வந்து உதவுச்சு, அதுல புகை பாதி, மொளகுக் காரமும் கடல் உப்பும் மீதி. ஹைலண்ட் பார்க் 12 இன்னும் சாது. அது ஆர்க்னி தீவு பீட், மரக்கட்டையே கலக்காம ஹீத்தர் பூச்செடி மக்குனது, அதனால புகையில லேசா தேன் வாசம் இருக்கும். ஐலான்னாலே புகைன்னும் நெனச்சுடாதீங்க, புன்னஹாபென் 12 அதே தீவுதான், புகை இல்லன்னே சொல்லலாம்.

இதெல்லாம் பாத்துட்டு அப்பவும் புகை பிடிக்கலன்னா பிடிக்கலதான், அதுல யாரும் உங்கள கொறச்சுப் பேச முடியாது. பாட்டில உங்க ஃப்ரெண்டு வர்றப்ப அவருக்கே ஊத்துங்க, சந்தோஷமா குடிப்பாரு.

கேள்வி: மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வருது, நல்ல சிங்கிள் மால்ட் ஒன்னு வாங்கித்தரலாம்னு இருக்கோம். 18 வருஷம் வாங்குனா 12 வருஷத்த விட நல்லா இருக்குமாண்ணா?
- வாசகி, பொங்கோல்

பதில்: வயசப் பாத்து வாங்காதீங்கம்மா, பீப்பாயப் பாத்து வாங்குங்க. பாட்டில்ல போட்டிருக்கற நம்பர் உள்ள கலந்ததுலயே சின்ன விஸ்கியோட வயசு, அவ்வளவுதான். மரத்துல ரொம்ப நாள் கெடந்தா சிலது துவர்த்துப் போயிடும், தே-ஓல, அதான் பால் இல்லாத டீல, டீ பைய எடுக்க மறந்துட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. மாமனாருக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும்னு அத்தைகிட்ட கேளுங்க. அதிரசம், கருப்பட்டி, பேரீச்சம்பழம்னு சொன்னாங்கன்னா ஷெரிங்கற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாய், க்ளென்ட்ரோனக் 12 இல்லன்னா க்ளென்ஃபார்க்ளஸ் 15 எடுங்க. பால் பாயசம், தேங்காய்ப்பால், வெனிலா ஐஸ்கிரீம்னா பர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், க்ளென்மோரஞ்சி ஒரிஜினல் போதும். அமெரிக்கால பர்பனுக்கு புது ஓக் பீப்பாய்தான் போடணும்னு சட்டம், ஒரு தடவ போட்டத திரும்ப அதுக்கு போட முடியாது, அதுல நெறைய கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வந்துடும், அந்த வெனிலா தேங்காய் வாசம் அங்கேருந்து வர்றதுதான்.

பர்ஸ்ட் கிளாஸ் பொட்டி, தங்க எழுத்து இதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க, அவரு குடிக்கப்போறது பொட்டிய இல்ல.

கேள்வி: ஐஸ் போட்டா விஸ்கி கெட்டுடும்னு வீட்டுக்காரர் சண்டை போடுறாரு. போன வாரம் நான் ஆர்ட்பெக் 10ல ஐஸும் தண்ணியும் போட்டேன், கலங்கலா ஆயிடுச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோ?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: டூப்ளிகேட் இல்லம்மா, கலங்குனது நல்ல சேதி. நெறைய கம்பெனி பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி விஸ்கிய நல்லா குளுர வச்சு, அதுல தெரண்டு நிக்கற எண்ணெய்ப்பச எல்லாத்தையும் வடிகட்டிடுவாங்க, பாக்க பளிச்சுனு இருக்கணும்னு. ஆர்ட்பெக் 10 அப்படி வடிகட்டாம 46 சதவீத ஆல்கஹால்ல வருது, அதனால தண்ணி பட்டதும் அந்தப் பச வெளிய தெரியுது. வாய்ல வழவழன்னு நிக்கறதே அதுதான்.

தண்ணி தாராளமா ஊத்தலாம், நாலு சொட்டுல ஆரம்பிங்க. 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் யூனிவர்சிட்டில ரெண்டு ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டு சொன்னது, தண்ணி சேர்றப்ப புகை வாசம் தர்ற குவையக்கால் மேல்பரப்புக்கு வந்து நிக்குதுன்னு. ஐஸ் விஷயத்துல வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு, குளுர்ல வாசம் அடங்கிடும். ஆனா "ரூம் டெம்பரேச்சர்ல குடி"ன்னு சொன்னவங்க ஸ்காட்லாந்து ரூம நெனச்சு சொன்னது, நம்ம பிளாட்ல ஏர்கான் இல்லாம 31 டிகிரி, அந்தச் சூட்டுல மூக்குல ஸ்பிரிட்டுதான் குத்தும். ஒரே ஒரு ஐஸ் போட்டு, ரெண்டு நிமிஷம் சுத்திட்டு எடுத்துடுங்க.

கேள்வி: வார்றப்ப ஜொகூர்லேருந்து ஒரு பாட்டில் டூட்டி ஃப்ரீயா கொண்டு வரலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முடியாது. மலேசியாலேருந்து வந்தா மதுவுக்கு சலுகை கெடையாது, மத்த நாட்லேருந்து வந்தாலும் 48 மணி நேரமாவது வெளிய இருந்திருக்கணும், ஸ்பிரிட் 1 லிட்டர்தான். இங்க வரி ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி, அதாவது 700 மில்லி, 40 சதவீத பாட்டிலுக்கு 24 வெள்ளி 64 காசு, அதுக்கு மேல ஜிஎஸ்டி. செக்பாயிண்ட்ல கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிக் கட்டிடுங்க.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்க, உங்களுக்குப் பிடிச்சது எது?
- வாசகர், பிடோக்

பதில்: கிளைன்லீஷ் 14, யோசிக்கவே மாட்டேன். வடக்கு ஸ்காட்லாந்துல ப்ரோராங்கற கடலோர ஊர்ல செய்யுறது. முதல்ல ஆரஞ்சுத் தோல், அப்புறம் அணைச்ச மெழுகுவத்தி, கடைசியில கொஞ்சம் உப்பு. அந்த மெழுகு எங்கேருந்து வருதுன்னா வடிச்சத புடிச்சு வைக்கற தொட்டியில படியுற பிசுக்குலேருந்துன்னு சொல்றாங்க, ஒருதரம் அத சுத்தமா தேச்சுக் கழுவப்போய் விஸ்கில மெழுகே காணாமப் போச்சாம். நம்ம வீட்ல தோசக்கல்ல சோப்பு போட்டு தேய்க்க விடுவாங்களா? அதே கததான். முப்பது மில்லி, அஞ்சு சொட்டு தண்ணி, தொட்டுக்க வறுத்த நெத்திலியும் கச்சானும், வெள்ளிக்கிழம ராத்திரி எனக்கு அது போதும்.