சாட்சியின் முதல் வாக்கியம்

வணக்கம் ஐயா,

பசியோடு இருக்கும் நீதிபதிகள் கடுமையாகத் தீர்ப்பளிக்கிறார்கள் என்றொரு ஆய்வைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. நீதிபதி, போலீஸ், வாக்காளர் எல்லாருமே இப்படி மனத்தின் பிடியில்தான் இருக்கிறார்கள் என்றால் சட்டம் எதற்கு? ஆட்சியாளர்களின் தவறுகளை மக்கள் சீக்கிரம் மறப்பதும் இதனால்தானா? பேசாமல் உண்மை கண்டறியும் கருவியையே நம்பிவிடலாமா? கண்ணால் பார்த்த ஒருவர் கூண்டில் ஏறி "இவர்தான்" என்று உறுதியாகச் சொல்வது ஒன்றுதான் ஆறுதலாக இருக்கிறது.

கவிதா

அன்புள்ள கவிதா,

கேள்விகள் மூன்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது கேள்வியே இல்லாத அந்தக் கடைசி வரி. சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

முதலில் பசி. அந்த ஆய்வு 2011இல் வந்தது. கைதிகளைத் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடலாமா என்று முடிவு செய்யும் இஸ்ரேல் பரோல் வாரியங்களின் 1,112 முடிவுகள். அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 சதவீதம் கைதிக்குச் சாதகம், சாப்பாட்டு இடைவேளை நெருங்கும்போது ஏறக்குறைய பூஜ்யம். அதே ஆண்டே மறுப்பும் வந்துவிட்டது. மனுக்களின் வரிசை தற்செயலானது அல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் வந்தார்கள் என்று காட்டினார்கள். வழக்கறிஞர் இல்லாதவருக்கு எந்த நேரத்திலும் பரோல் கிடைப்பது அரிது. நீதிபதியின் வயிற்றைப் பற்றி உலகமே பேசியது, வக்கீல் வைக்க வழியில்லாதவனைப் பற்றி யாரும் பேசவில்லை. நீங்களும் அந்த வரிசையில் போய் நின்றுகொள்ளாதீர்கள்.

கருவியை விடுங்கள். அது அளப்பது மூச்சு, நாடி, வியர்வை. பயந்த நிரபராதிக்கும் வியர்க்கும்.

இப்போது உங்கள் ஆறுதலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபணமான முதல் 375 பேரில் சுமார் 69 சதவீதம் பேரின் வழக்கில், கண்ணால் கண்ட சாட்சி தவறான ஆளைக் காட்டியிருக்கிறார். பொய் சொல்லி அல்ல, பெரும்பாலும் மனசாட்சியோடு. 1984இல் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், பின்னால் அடையாளம் காட்ட வேண்டும் என்றே அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து வைத்தார். போலீசார் காட்டிய புகைப்படங்களில் ஒருவரைத் தயங்கித் தயங்கித்தான் தேர்ந்தெடுத்தார். அடுத்து, சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அணிவகுப்பில், புகைப்படத்திலும் நேரிலும் இருந்தவர் அந்த ஒருவர் மட்டுமே. காட்டி முடித்ததும், படத்தில் நீங்கள் காட்டியவரும் இவர்தான் என்று போலீசார் சொன்னார்கள். கூண்டில் ஏறும்போது தயக்கம் சுத்தமாகப் போயிருந்தது. 1987 மறு விசாரணையில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார். நிரபராதி வெளியே வந்தது 1995இல்.

நினைவைக் கல்வெட்டு என்று நினைக்கிறோம். அதை ரத்த மாதிரி போலத்தான் கையாள வேண்டும், தொட்டால் கலப்படம். 1974இல் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்றும், வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் கூட்டத்தில் 7 பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாம் கூட்டத்தில் 16 பேர். படத்தில் கண்ணாடித் துண்டே கிடையாது.

அணிவகுப்பு கெடும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். குற்றவாளி வரிசையில் இல்லாவிட்டாலும், இருப்பவர்களில் யார் அதிகம் ஒத்துப்போகிறார் என்று மனம் ஒப்பிட்டு ஒருவரை எடுத்துவிடும். அதனால் "அவர் இங்கே இல்லாமலும் இருக்கலாம்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யாரென்று தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் மூச்சுவிடும் விதம்கூடக் காட்டிக்கொடுக்கும். வேறு அதிகாரி கிடைக்கவில்லையா? படங்களைத் தனித்தனி உறையில் போட்டுக் கலைத்து, சாட்சி எதைப் பார்க்கிறார் என்பது தனக்குத் தெரியாதபடி அதிகாரி தள்ளி நிற்கட்டும். சந்தேக நபருக்குத் துணையாக வரிசையில் நிற்பவர்கள் சாட்சி சொன்ன அடையாளத்துக்குப் பொருந்த வேண்டும். தழும்பு இருந்தது என்று சாட்சி சொல்லியிருக்க, வரிசையில் ஒருவருக்கு மட்டும் தழும்பு இருந்தால் அது அணிவகுப்பே இல்லை. சோதிப்பது எளிது: சம்பவத்தைப் பார்க்காத சிலரிடம் அந்த வர்ணனையை மட்டும் கொடுத்து ஊகிக்கச் சொல்லுங்கள். ஆறு பேர் வரிசையில் பெரும்பாலோர் ஒரே ஆளைக் காட்டினால் வரிசையைக் கலைத்துவிட வேண்டியதுதான். இங்கிலாந்தின் காணொளி அணிவகுப்பில் சந்தேக நபரோடு குறைந்தது 8 பேர் இருக்க வேண்டும் என்பது விதி.

இதெல்லாம் சரியாக நடந்தும் ஒரு வார்த்தை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: "சரியாகச் சொன்னீர்கள்." 1998இல் வெளியான ஒரு சோதனையில், குற்றவாளியே இல்லாத வரிசையிலிருந்து எல்லாரும் தவறான ஆளைத்தான் எடுத்தார்கள். பாராட்டப்பட்டவர்களுக்கு உறுதி கூடியதோடு நிற்கவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தது, கவனமாகப் பார்த்தோம் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். சாட்சியின் அடையாளத்தை எடைபோட அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் ஐந்து அளவுகோல்கள் வகுத்தது. அவற்றில் மூன்று இவையேதான்: பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, கவனம், உறுதி. கலப்படம் செய்தவரின் கையிலேயே தராசையும் கொடுத்த கதை. அங்குள்ள நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2011இல் இதைக் கவனித்துத் தன் விதிகளை மாற்றியது.

உடனே சாட்சிகளே வேண்டாம் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். முறையாக நடந்த அணிவகுப்பில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், சாட்சி தன் சொந்த வார்த்தையில் சொல்லும் உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு. "நிச்சயமாக இவர்" என்பதும் "இவராக இருக்கலாம்" என்பதும் அப்படியே பதிவாக வேண்டும், முடிந்தால் வீடியோவில். அதே சந்தேக நபரை வைத்து இரண்டாவது அணிவகுப்பு கூடாது. அந்த முகம் ஏற்கெனவே நினைவில் ஏறிவிட்டது. மாதங்கள் கழித்துக் கூண்டிலிருந்து நீளும் விரலைப் பார்த்து நீங்கள் ஆறுதல் அடைகிறீர்கள் அம்மா. குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியது அந்த முதல் வாக்கியம் என்ன, அப்போது அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை.

மக்கள் மறப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், பாதியில் விட்டுவிட்டேன். மறப்பதைவிட மோசமான ஒன்று உண்டு. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போகுமுன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களிடம் கணிப்பு வாங்கி வைத்தார்கள். பயணங்கள் முடிந்தபின் தங்கள் பழைய கணிப்பை நினைவுகூரச் சொன்னால், நடந்தவற்றுக்குத் தாங்கள் கொடுத்திருந்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்ததாகச் சொன்னார்கள். வாக்காளர் மட்டுமல்ல, அமைச்சரும் விசாரணைக் கமிஷனும் இப்படித்தான் நினைவுகூர்வார்கள். அங்கேயும் கேட்டு வாங்க வேண்டியது அன்றைய தேதியிட்ட கோப்புக் குறிப்பை.