வங்கிக்கு ஏன் தனிக் கடிதம்?

கேள்வி: குடும்பத்தார் சேர்ந்து ஜவுளி வியாபாரத்தைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்துகிறோம். வங்கி ஸ்டேட்மென்ட் முழுவதையும் கொடுத்த பிறகும், மார்ச் 31 அன்றைய இருப்பை வங்கியே தமக்கு நேராக எழுதி அனுப்ப வேண்டும் என்கிறார் ஆடிட்டர். பாக்கி வைத்திருக்கும் பெரிய பார்ட்டிகளுக்கும் கடிதம் போடுகிறார். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பின் எங்களைச் சந்தேகிக்கிறாரா?
– ஈரோடு வாசகர்

பதில்: முந்தைய ஆண்டுகளிலேயே செய்திருக்க வேண்டியதை உங்கள் ஆடிட்டர் இப்போதாவது செய்கிறார். நம் ஊர்களில் கணக்கு எழுதுபவர், ரிட்டர்ன் தாக்கல் செய்பவர், தணிக்கை செய்பவர் எல்லோருமே ‘ஆடிட்டர்’தான், அதனால் கொடுத்த கணக்கைக் கூட்டிப் பார்த்து முத்திரை வைப்பதே தணிக்கை என்றாகிவிட்டது. கம்பெனியின் தணிக்கையாளரோ பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பங்குதாரர்கள் அனைவரும் உங்கள் வீட்டாராகவே இருந்தாலும், அவருடைய அறிக்கையை நம்பிக் கடன் தரும் வங்கி வெளியில் இருக்கிறது.

வெளியார் தரும் உறுதிப்பாடு தணிக்கையாளரிடம் நேராக வந்து சேர வேண்டும் என்பது, தணிக்கையாளர்கள் பின்பற்ற வேண்டிய விதிமுறைகளில் ஒன்றான தணிக்கைத் தரம் 505-இன் சாரம். இதன் அருமை, ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் கணக்கு மோசடி விவகாரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் 5,361 கோடி ரூபாயாக இருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். வங்கிகளின் பெயரில் தயாரான போலி ஸ்டேட்மென்ட்டுகளும் வைப்புத்தொகை ரசீதுகளும் அதற்குத் துணை நின்றன.

கோரிக்கைக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். உங்கள் அனுமதியின்றி வங்கி எதையும் சொல்லாது. அதை அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் ஆடிட்டரின் வேலை என்பதால், ‘பதிலை நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலும், கம்பெனி பிறருக்குக் கொடுத்த ஜாமீனோ, கடனுக்கு ஈடாக வைத்த வைப்புத்தொகையோ சாதாரண ஸ்டேட்மென்ட்டில் தெரியாது. வங்கியின் பதிலில் தெரியும்.

பார்ட்டிகளின் பதில் உங்கள் பேரேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். நீங்கள் 4,12,000 ரூபாய் பாக்கி என்க, அவர் 3,87,000 என்று எழுதியிருக்கலாம். மார்ச் 29 அன்று அவர் திருப்பி ஏற்றிவிட்ட 25,000 ரூபாய்ச் சரக்கு உங்கள் குடோனில் ஏப்ரல் 2 அன்று இறங்கியிருக்கும். லாரி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அடுத்து அதைத்தான் கேட்பார்.