அந்தக் கையெழுத்து எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது பற்றி நண்பர்களோடு பேச்சு வந்தது. நம் நாட்டில் 1971லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, இந்த விஷயத்தில் அவர்களைவிட நாம்தான் முன்னால் நிற்கிறோம் என்றேன். கருவுக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்படி வாழும் உரிமை உண்டு என்று ஒருவர் மறுத்தார். இந்தச் சுதந்திரம்தான் பெண் சிசுக்களை அழிக்க வழிவிட்டது என்றார் இன்னொருவர். உங்கள் கருத்தை அறிய ஆவல். சென்ற ஆண்டு என் மனைவிக்கும் இப்படி ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். செய்தது சரியா என்று இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'நான்தான் கையெழுத்துப் போட்டேன்' என்ற வரிக்கு அப்பால் என்னால் உடனே நகர முடியவில்லை. சில வாரங்களாக என் மனதில் கிடப்பது இந்தக் கையெழுத்துதான். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, படித்தவள், சொந்தமாகச் சம்பாதிப்பவள், கருவைக் கலைக்கப் போன ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து, "அவர் ஊர்ல இல்லம்மா. அவர் வந்து சைன் போட்டாத்தான் பார்ப்பாங்களாம்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் உங்கள் கேள்வி. அமெரிக்காவில் 1973இல் ஒரு தீர்ப்பு உரிமையைக் கொடுத்தது. 2022 ஜூனில் இன்னொரு தீர்ப்பு அதை எடுத்துக்கொண்டு, முடிவை மாநிலங்களிடம் விட்டது. அரசியலமைப்பில் கருக்கலைப்பு பற்றிப் பேச்சே இல்லை என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். நம் அரசியலமைப்பிலும் இல்லை. இங்கே அந்த உரிமை 21ஆம் பிரிவின் உயிர், தனிமனித சுதந்திரம் என்ற சொற்களுக்குள்ளிருந்து நீதிபதிகள் எடுத்துக் காட்டியது. 2009இல் ஒரு தீர்ப்பு, 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய 9 நீதிபதிகளின் தீர்ப்பு, 2022இல் ஒன்று என்று படிப்படியாக வந்தது. தீர்ப்பால் வந்ததைத் தீர்ப்பால் எடுக்கவும் முடியும். அவர்கள் 49 ஆண்டுகள் நம்பியிருந்து இழந்தார்கள். ஆகவே யார் முன்னால் என்ற பந்தயத்தில் எனக்கு அக்கறை இல்லை.

நீங்கள் பெருமையோடு சொல்லும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். ஒரு பெண் இதைக் கேட்டுப் பெறலாம் என்று அதில் எங்கும் இல்லை. இன்னின்ன நிலைமையில் கலைத்தால் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் இருக்கிறது. கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு வந்திருக்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதற்குள் அடக்கம். அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்குத் தரப்பட்ட விலக்குதான் நீங்கள் உரிமை என்று நினைப்பது. மசோதாவை முன்வைத்தபோது உடல்நலம், மனிதாபிமானம், குறையோடு பிறக்கும் குழந்தைகள் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பெண்ணின் விடுதலை அந்தப் பட்டியலில் இல்லை. 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றிப் பேசும்போது, மற்றவர்கள் சொல்லும் காரணம் வேறு, நாம் சொல்லும் காரணம் பெண்களின் விடுதலை என்று பிரித்துக் காட்டியிருந்தார். டெல்லிக்கு அது எட்டவில்லை.

அந்தச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் சொல்லும் சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதற்குமேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு போராடிக்கொண்டு, 26 வாரக் கர்ப்பத்தோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு அதே அமர்வின் இரண்டு பெண் நீதிபதிகளும் வேறுபட்டார்கள். கடைசியில் மூன்று நீதிபதிகள் முடியாது என்றார்கள். சில நாட்களுக்குள் அந்தப் பெண்ணின் வயிறு நாடே கருத்துச் சொல்லும் பொருளாகிவிட்டது. நீங்களும் நண்பர்களும் பேசியது அந்த வகைப் பேச்சுதான், ஆர். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கருவுக்கு உயிர் உண்டா என்கிறார் உங்கள் நண்பர். உண்டு. அதைக் கலைக்கப் போகும் பெண்ணுக்கு அது அவரைவிட நன்றாகத் தெரியும். இன்னொரு நண்பருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெண் சிசுவை அழித்தது பெண்ணின் சுதந்திரம் அல்ல. உசிலம்பட்டியில் பிறந்த குழந்தையை அழித்தபோது அந்தத் தாய்களுக்கு என்ன சுதந்திரம் இருந்தது? வரதட்சணையும் மாமியார் வீடும் எடுத்த முடிவு அது. ஸ்கேனில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் தனிச்சட்டம் வந்தது. அதை ஒழுங்காக நடத்தட்டும்.

கையெழுத்துக்கு வருகிறேன்.

என் பெரியம்மா மகளுக்கு மூன்று குழந்தைகள். கணவர் லாரி ஓட்டுநர், நாக்பூர் லைன். போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. 80களில் ஒருமுறை நாள் தள்ளிப்போய், அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் அப்போது கல்லூரி மாணவி. ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போனால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்கள். நிலைமையைச் சொன்னாள். "அப்ப அவர் வந்தப்புறம் வா" என்றார்கள். அவர் வரும்வரை வயிறு காத்திருக்குமா?

வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அக்கா எழுந்து வாசலில் நின்ற ஓர் ஆட்டோக்காரரிடம் போனாள். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், தனக்கு நாள் தள்ளிப்போனது முதல் எல்லாவற்றையும் தலைகுனிந்தபடியே சொன்னாள். அவர் நல்லவர். உள்ளே வந்து, "நான்தாங்க புருஷன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. யாரும் அவரிடம் ஒரு சான்றும் கேட்கவில்லை. ஏதோ ஓர் ஆணின் பெயர் தாளில் விழுந்ததும் காரியம் நடந்தது. அக்கா வெகுகாலம் அந்த ஆட்டோ ஸ்டாண்ட் வழியாக நடக்கவே மாட்டாள்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. சட்டத்தின் 3ஆம் பிரிவு 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும் என்கிறது. கணவன், அப்பா, மாமியார் யாரும் அதில் இல்லை. 1971லிருந்தே இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமாகாத ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் அழுத்திச் சொன்னது. குடும்பத்தின் சம்மதம், சான்றுகள், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றது. 2021 திருத்தத்தின்படி, அவளுடைய பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் வெளியிட்டால் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. கணவனைக் கூட்டிவா என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மருத்துவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாளைக்கு அந்தக் கணவன் ஆள் திரட்டிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள். நீதிமன்றங்களும் குழப்பியிருக்கின்றன. மருத்துவக் காரணம் இல்லாமல் கணவனுக்குத் தெரியாமல் கலைப்பது விவாகரத்துக்கான மனக் கொடுமையாகலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியது. ஆனால் தன் சம்மதம் இல்லாமல் கலைத்தார்கள் என்று மனைவிமீதும் மருத்துவர்கள்மீதும் நஷ்டஈடு கேட்ட ஒரு கணவனின் வழக்கு பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அந்தக் கையெழுத்து மருத்துவருக்கும் கவசம் அல்ல. பழக்கம், அவ்வளவுதான். கையெழுத்துக் கிடைக்காதவள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குகிறாள். அதுவும் முடியாதவள் எருக்கங்குச்சி வைத்திருப்பவளிடம் போகிறாள்.

2009இல் ஒரு தீர்ப்பு என்று மேலே சொன்னேனே, அந்த வழக்கு என்ன தெரியுமா? சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த ஒரு பெண் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். கலைக்க வேண்டும் என்றது நிர்வாகம். அவள் குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. பெற்றுக்கொள்வதும் அவள் முடிவு, கலைப்பதும் அவள் முடிவு. எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

தம்பி, நீங்கள் கெட்டவர் இல்லை. உங்கள் மனம் இன்னும் உறுத்துகிறது என்பதே அதற்குச் சாட்சி. அந்த உறுத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இத்தனை கேள்விகள் கேட்ட கடிதத்தில், உங்கள் மனைவி என்ன நினைத்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியும் இல்லையே. செய்தது சரியா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? எழுத அவருக்கு விருப்பம் இருந்தால் எழுதட்டும். வெளியிட மாட்டேன்.

நண்பர்களோடு மறுபடி இதைப் பேசினால் அமெரிக்காவை விட்டுவிடுங்கள். யார் வீட்டிலாவது தேவை வரும்போது ஆஸ்பத்திரியில் படிவம் 'சி'யைக் கேட்கச் சொல்லுங்கள். சம்மதத்துக்கு விதிகள் வைத்திருக்கும் படிவம் அதுதான். கணவர் கையெழுத்தும் வேண்டும் என்றால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி ஒரு விதி இல்லை.

அன்புடன்.