'மேக்', 'லெட்' வினைகளுக்குப் பின் 'டு' வருமா?

'ஹி மேட் மீ டு வெயிட்' தவறு என்றால், 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' மட்டும் எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

நமக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். காத்திருக்க வைத்தார், காத்திருக்க விட்டார், காத்திருக்கச் சொன்னார்: மூன்றிலும் தமிழில் 'காத்திருக்க' அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ முன்னால் வரும் வினைதான் 'டு' வேண்டுமா என்று முடிவு செய்கிறது. 'டெல்', 'ஆஸ்க்', 'ஃபோர்ஸ்', 'அலவ்', 'கெட்' எல்லாம் 'டு' கேட்கும். 'மேக்', 'லெட்' கேட்காது: 'ஹி மேட் மீ வெயிட்', 'லெட் ஹர் ஸ்பீக்'. பொருளை வைத்து ஊகிக்க வேண்டாம். 'அலவ்', 'லெட்' இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். ஆனால் 'அலவ் ஹர் டு ஸ்பீக்' என்றுதான் எழுத வேண்டும். வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சரி, செயப்பாட்டு வினைக்கு ('பேஸிவ் வாய்ஸ்') வருவோம். அங்கே 'மேக்' தன் 'டு'வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 'சீ'யும் அப்படியே: 'ஐ சா ஹிம் லீவ்', ஆனால் 'ஹி வாஸ் சீன் டு லீவ்'. 'லெட்' பொதுவாக இப்படி வராது. 'வாஸ் அலவ்ட் டு' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஹெல்ப்' தாராளம். 'ஹெல்ப் மீ குக்', 'ஹெல்ப் மீ டு குக்' இரண்டும் சரி.

அப்புறம், 'சீ'யில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம். 'ஐ சா ஹர் கிராஸ் த ரோடு' என்றால் அவர் மறுபக்கம் போய்ச் சேரும்வரை பார்த்தேன். 'கிராஸிங்' என்றால் பார்த்தபோது அவர் நடுச்சாலையில் இருந்தார். கடந்து முடித்தாரா என்பதை வாக்கியம் சொல்லவில்லை.