சிவக்காத நியாசின்தான் பாதுகாப்பானதா?

நியாசின், அதாவது வைட்டமின் பி3, என்ற ஒரே பெயரில் இத்தனை வகை மாத்திரைகள் இருக்கின்றனவே, கொழுப்பைக் குறைக்க எதை வாங்குவது, தோல் சிவக்காத வகைதான் பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியிருந்தது. யாரையும் கேட்காமல், நியாசினின் ஒரு வகையான நிக்கோட்டினிக் அமிலம் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். இருபது நிமிடம் இருக்கும். முதலில் காது மடல் சுட்டது. அப்புறம் முகம், கழுத்து, மார்பு என்று சூடு இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. சட்டை பட்டாலே முள் முள்ளாகக் குத்தியது. ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. தோல் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளியிட, சிறு ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் சிவப்பு அது. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு அதனால் ஆபத்தில்லை.

நான் பயந்துபோய், அதே அமிலத்தின் மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினேன். சிவப்பு போயே போச்சு. ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் மூன்று மடங்கு ஏறியிருந்தன. மருத்துவர் அன்றே நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் இறங்கிவிட்டன, நல்லவேளை.

காரணம் இதுதான். நிக்கோட்டினிக் அமிலத்தைக் கல்லீரல் இரண்டு வழிகளில் கையாள்கிறது. மாத்திரை சட்டென்று கரைந்தால் பெரும்பகுதி முதல் வழியில் போகும், அப்போதுதான் சிவப்பு. சொட்டுச் சொட்டாக வந்தால் இரண்டாவது வழியே அதை வாங்கிக்கொள்கிறது, கல்லீரலுக்குச் சுமை அந்த வழியில்தான். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அளவைப் படிப்படியாக 3 கிராம் வரை கூட்டிக்கொண்டு போனார்கள். மெதுவாகக் கரையும் வகையை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. உடனே கரையும் வகையில் ஒருவருக்கும் வரவில்லை.

'சிவக்காத நியாசின்' என்று விற்பது பெரும்பாலும் இனோசிட்டால் ஹெக்ஸாநிக்கோட்டினேட். அதிலிருந்து நிக்கோட்டினிக் அமிலம் ரத்தத்துக்குள் வருவதே சொற்பம். சிவக்காததும் அதனால்தான், கொழுப்பைப் பெரிதாகக் குறைக்காததும் அதனால்தான். நியாசினமைடு என்ற இன்னொரு வகையும் சிவக்க வைக்காது; வைட்டமின் பற்றாக்குறைக்கு அருமையாக வேலை செய்யும், கொழுப்பைத் தொடவே தொடாது. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. மெலனோமா (நிறமி செல்களில் வரும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்கள் தினம் இருவேளை 500 மில்லிகிராம் எடுத்தபோது, ஒரு வருடத்தில் புதிதாக வருவது 23 சதவீதம் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நிறுத்தியதும் அந்தப் பலன் போய்விட்டது. நிக்கோட்டினமைடு ரைபோசைடு என்ற புது வகை ரத்தத்தில் என்ஏடி (செல்கள் ஆற்றல் பெற உதவும் பொருள்) அளவை உயர்த்துகிறது. அதனால் இளமை நீடிக்கும் என்ற விளம்பரத்துக்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை.

சரி, கொழுப்புக்கு நிக்கோட்டினிக் அமிலம்தான் என்றால் அதை எடுக்கலாமா? எண்கள் அழகாக மாறும்: ட்ரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பு ஏறும். ஆனால் 2014-இல் வெளிவந்த எச்பிஎஸ்2-த்ரைவ் ஆய்வில், ஸ்டேட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தை எடுத்துவந்த 25,000-க்கும் மேற்பட்டோரிடம், தினம் 2 கிராம் நியாசின் சேர்த்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மாறாக, சர்க்கரை நோயும் ரத்தக் கசிவும் தொற்றும் கூடின. இதைப் படித்தபிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வைட்டமினாக நமக்குத் தேவை நாளொன்றுக்கு ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 மில்லிகிராம், அவ்வளவுதான். 500 என்பது வைட்டமின் அல்ல, மருந்தின் அளவு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் எந்த வகை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால், அடுத்த மாத்திரையைப் போடுமுன் அந்த டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.