கோட்டையா, சுங்கச்சாவடியா?

அன்புள்ள ஐயா,

சலாதீன் பற்றி ஒரு படம் பார்த்துவிட்டு, சிலுவைப்போர் குறித்துக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி விடாமல் அரிக்கிறது. 1099-இல் ஜெருசலேமைப் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று ஊருக்குக் கப்பலேறிவிட்டார்களாம். மிஞ்சிய கொஞ்சம் பேர் மொழி தெரியாத நாட்டில், சுற்றிலும் எதிரிகளை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட இருநூறு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? மலையுச்சிக் கோட்டைகளும் மதவெறியும்தான் காரணமா? யூடியூபில் ஒருவர் அது எல்லா மதத்தவரும் ஒற்றுமையாக இருந்த காலம் என்கிறார். இன்னொருவர் ஐரோப்பியக் காலனியாதிக்கத்தின் ஒத்திகை என்கிறார். யாரை நம்புவது?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

இரண்டு யூடியூபர்களையும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்வோம். முதலில் ஆள் கணக்கு. ஜெருசலேமின் முதல் அரசரான பால்ட்வினுடன் மதகுருவாக இருந்தவர் ஃபுல்க்கர். கண்ணால் கண்டதை எழுதி வைத்தவர். தொடக்கத்தில் ஜெருசலேம், யோப்பா, ரமலா, ஹைஃபா ஆகிய நான்கு ஊர்களுக்கும் சேர்த்துக் காவலுக்கு இருந்தது 300 குதிரை வீரர்களும் அதே அளவு காலாட்களும்தான் என்கிறார். எகிப்திலிருந்து ஒரு பெரும்படை வந்து ஏன் எங்களை நசுக்கவில்லை என்று அவரே வாய்பிளக்கிறார். தெய்வச் செயல் என்பது அவர் கண்ட விடை.

தெய்வத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் விடை இருக்கிறது. 1092-இல் செல்ஜுக் துருக்கியரின் சுல்தான் மாலிக் ஷாவும் அவருடைய பெரும் அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1094-இல் எகிப்தை ஆண்ட பாத்திமிய வம்சத்துக் கலீஃபாவும், அங்கே உண்மையில் அரசை நடத்திவந்த வசீரும் (தலைமை அமைச்சர்) போய்ச்சேர்ந்தார்கள். சிரியாவில் அலெப்போவை ஆண்டவர் ரித்வான், டமாஸ்கஸை ஆண்டவர் துகாக். இருவரும் உடன்பிறந்தவர்கள், ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். சிலுவைப்படை வந்துகொண்டிருந்தபோதே, 1098-இல், பாத்திமியர் ஜெருசலேமைத் துருக்கியரிடமிருந்து பிடித்தார்கள். அதாவது வந்தவர்கள் ஓர் ஒற்றை எதிரியின் கோட்டையை உடைக்கவில்லை, பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பிறகு அவர்களும் அந்தச் சண்டையில் ஒரு பங்காளி ஆகிவிட்டார்கள். 1140 வாக்கில் மொசூல் ஆட்சியாளர் செங்கிக்கு அஞ்சி டமாஸ்கஸ் முஸ்லிம்களும் ஜெருசலேம் கிறிஸ்தவர்களும் ஒப்பந்தம் போட்டு ஒன்றாகவே படை நடத்தினார்கள். அந்த டமாஸ்கஸையே 1148-இல் இரண்டாம் சிலுவைப்போர்க்காரர்கள் முற்றுகையிட்டது, என் பார்வையில், அந்த இருநூறு வருடத்தின் மிகப்பெரிய முட்டாள்தனம்.

ஆனால் பங்காளிச் சண்டை அவகாசம்தான் தரும், சோறு போடாது. கிடைத்த அவகாசத்தில் இவர்கள் செய்த முதல் வேலை துறைமுகங்களைப் பிடித்தது. 1101-இல் அர்சுஃப், செசரியா. 1104-இல் ஆக்கர். 1109-இல் திரிப்போலி. 1110-இல் பெய்ரூத், விவிலியத்தில் நாம் படிக்கும் சீதோன். 1124-இல் தீரு. கடைசியாக 1153-இல் அஸ்கலோன். குதிரை வீரர்களுக்குக் கப்பல் கிடையாது. கப்பல் ஜெனோவா, பீசா, வெனிஸ் வணிகர்களிடம் இருந்தது. அவர்கள் பக்திக்காக மட்டும் பாய் விரிக்கிறவர்கள் அல்ல. தீருவுக்காக வெனிஸ் கேட்டு வாங்கிய கூலி நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது போக, அரசின் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு குளியல் கூடம், ஒரு அடுமனை, வரி விலக்கு. அடுமனை வரைக்கும் எழுதி வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

துறைமுகம் வந்ததும் யாத்ரீகர் வந்தார்கள், குடியேறிகள் வந்தார்கள், சரக்கு வந்தது. உழுவதற்கு ஆள்தான் வேண்டியிருந்தது. 1099-இல் ஜெருசலேமில் நடந்த படுகொலையை நீங்கள் வாசித்திருப்பீர்கள். 1101-இல் செசரியாவிலும் அதுவே நடந்தது. விளைவு, வென்ற நகரம் காலி. ஜெருசலேமில் இருந்த கிறிஸ்தவர்கள் ஒரு தெருவைக்கூட நிரப்ப மாட்டார்கள் என்று தீருவின் பேராயராக இருந்த வில்லியம் எழுதுகிறார். இடிந்த மதிலுக்குள் இரவில் திருடர்கள் புகுந்து கொன்றுவிட்டுப் போகிறார்கள். பயந்தவர்கள் வீட்டையும் நிலத்தையும் போட்டுவிட்டு ஓடிவிட்டு, நிலைமை கொஞ்சம் அமைதியானதும் வந்து, ‘இது என் சொத்து’ என்று நிற்கிறார்கள். அதற்காக ஒரு சட்டம் வந்தது: ஓராண்டும் ஒரு நாளும் அங்கேயே இருந்து அனுபவித்தவனுக்கே அந்தச் சொத்து. ஓடிப்போனவனுக்கு இல்லை. 1115 வாக்கில் யோர்தானுக்கு அக்கரையில் இருந்த சிரியக் கிறிஸ்தவர்களைக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்து நகரில் குடிவைத்தார் பால்ட்வின். 1120-இல் அவருக்கு அடுத்துவந்த இரண்டாம் பால்ட்வின், ஜெருசலேமுக்குள் தானியமும் பருப்பும் கொண்டுவருவோருக்கு நுழைவு வரியை நீக்கினார். யார் கொண்டுவந்தாலும் சரி, முஸ்லிம் வியாபாரி உட்பட. தூரத்திலிருந்து பார்க்கிற நமக்குச் சிலுவைக்கொடி தெரிகிறது. அங்கே ஆட்சி நடத்தியவர்களின் கவலை மளிகை.

சீதோன் சரணடைந்தபோது விவசாயிகள் அங்கேயே இருந்து உழலாம் என்று அனுமதித்தார்கள். அதே ஆண்டு சில மாதங்கள் முன்பு பெய்ரூத்தில் ஈவிரக்கமில்லாமல் வெட்டியவர்கள்தான். மனம் இளகியது என்று நான் நினைக்கவில்லை. பிணம் வரி கட்டாது என்பது பத்து வருட அனுபவத்தில் புரிந்திருந்தது.

இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதை மிக நெருக்கமாகப் பார்த்த ஒருவர் இருக்கிறார். இப்னு ஜுபைர், கிரனாடாவில் ஆளுநரிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். ஹஜ் முடித்து, 1184 செப்டம்பரில் டமாஸ்கஸிலிருந்து வணிகக் கூட்டத்தோடு ஆக்கர் துறைமுகத்துக்கு வந்தார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சலாதீன், சிலுவைப்போர்க்காரர்களின் கெராக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. ஒரு பக்கம் போர், இன்னொரு பக்கம் அதே நாட்டு வழியாகச் சரக்கு தடையின்றிப் போகிறது என்று அவருக்கே ஆச்சரியம்.

ஆக்கர் சுங்கச்சாவடியை அவர் எழுத்தரின் கண்ணோடு பார்க்கிறார். வாசலில் விரிப்பு போட்ட கல் திண்ணைகள். அவற்றில் கிறிஸ்தவக் கணக்கர்கள். முன்னால் பொன் வேலைப்பாடு செய்த கருங்காலி மைக்கூடுகள். அவர்கள் அரபியில் பேசுகிறார்கள், கணக்கையும் அரபியிலேயே எழுதுகிறார்கள். அவர்களுடைய தலைவர் அந்தச் சாவடியைக் குத்தகைக்கு எடுத்தவர். மூட்டைகளைச் சோதித்தார்கள், மரியாதையாகவே சோதித்தார்கள் என்கிறார். போன வருடம் அவர் அலெக்சாந்திரியாவில் இறங்கியபோது சலாதீனின் சொந்தச் சுங்கக்காரர்கள் ஹாஜிகளின் இடுப்பு மடியைக்கூடத் துழாவி, சத்தியம் வாங்கி அவமானப்படுத்தியிருந்தார்கள். அந்தக் கசப்பு ஆறாத மனிதர் இவர். ஆக்கரைக் கடவுள் அழிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் இவ்வளவையும் பதிவு செய்கிறார்.

அந்தத் திண்ணையில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஜெருசலேம் அரசில் பல குதிரை வீரர்களுக்கு மானியம் நிலமாகக் கிடைக்கவில்லை. ஏதாவது ஒரு துறைமுகத்தின் சுங்கத்திலோ சந்தை வரியிலோ வருடத்துக்கு இவ்வளவு என்று பணமாகக் கிடைத்தது. நிலம் பறிபோனாலும் சாவடி இருக்கும்வரை சம்பளம் வரும், படை கலையாது. அந்தச் சாவடியை நடத்தும் வித்தை பாத்திமியர் காலத்திலிருந்தே அங்கு இருந்தது. வந்தவர்கள் அதைக் கலைக்கவில்லை. ‘திவான்’ என்ற அந்த அலுவலகத்தின் பெயரைக்கூட மாற்றவில்லை. காசும் அப்படித்தான். இவர்கள் அச்சடித்த பொற்காசு பாத்திமிய தினாரின் நகல், இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் அரபியில் அப்படியே இருக்கும். அப்போதுதானே சந்தையில் செல்லும்! 1250-இல் போப்பின் தூதர் பார்த்துப் பதறிப் புகார் செய்த பிறகுதான் வாசகம் மாறியது. அப்போதும் எழுத்து அரபிதான், சேதி மட்டும் கிறிஸ்தவம்.

கிராமத்திலும் இதே கதை. திப்னின் என்ற இடத்துக் கோட்டைப் பக்கத்து ஊர்களைக் கடந்தபோது இப்னு ஜுபைர் விசாரித்து எழுதுகிறார்: அறுவடையில் பாதி வாரம், தலைக்கு ஒரு தினாரும் ஐந்து கீராத்தும் (தினாரின் சிறு பின்னம்) வரி, பழமரங்களுக்குச் சிறு வரி. அவ்வளவுதான். வீடு வாசல் அவர்களுடையது. ஊர் நிர்வாகமும் அவர்களிடமே. ஆக்கருக்கு அருகில் ஒரு பண்ணையில் பிராங்குகள் (சிலுவைப்போர் வழி வந்த ஐரோப்பியரை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள்) நியமித்த மணியக்காரரே ஒரு முஸ்லிம். வணிகக் கூட்டம் முழுவதையும் அழைத்து அவர் விருந்து வைத்திருக்கிறார். எல்லையோரப் பள்ளத்தாக்கு ஒன்றில் விளைச்சலை இரு தரப்பும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறார்கள், மாடுகள் கலந்து மேய்கின்றன. தங்கள் சொந்த மத ஆட்சியாளர்களைவிட இந்தப் பிராங்குகள் நியாயமாக நடத்துகிறார்கள் என்று முஸ்லிம் குடியானவர்கள் நினைக்கிறார்களே என்பது இப்னு ஜுபைரின் பெரும் வருத்தம்.

ஒற்றுமைக்கார யூடியூபர் இந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. அவரை நாப்லுஸ் பக்கம் ஜம்மாயில் கிராமத்துக்கு அழைத்துப் போகலாம். அங்கே மற்ற இடங்களில் ஒரு தினார் வாங்கினால் நான்கு வாங்கிய பிரபு ஒருவர் இருந்தார், இபலின் குடும்பத்துப் பால்ட்வின். கால்களை வெட்டுகிறவர் என்றும் பெயர். அந்த ஊரின் ஹன்பலி மார்க்க அறிஞர் ஒருவர் 1156-இல் டமாஸ்கஸுக்குத் தப்பினார். பின்னாலேயே குடும்பங்கள் சாரைசாரையாகப் போயின. டமாஸ்கஸின் சாலிஹிய்யா புறநகர் அவர்கள் குடியேறியதால் வளர்ந்தது. 1187-இல் பிராங்குகள் தோற்ற சேதி வந்ததும் அதே நாப்லுஸ் பகுதிக் குடியானவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். ஆகவே பிரபுவைப் பொறுத்தது எல்லாம். ஒற்றுமை என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 1120-இல் நாப்லுஸில் கூடிய சபை, முஸ்லிம்கள் பிராங்குகளைப் போல உடுத்தக்கூடாது என்றே விதித்தது. இன்னும் வேடிக்கை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆக்கர் ஆயராக இருந்த ழாக் த வித்ரி புலம்புவது: அடிமை ஞானஸ்நானம் பெற்றால் விடுதலை தரவேண்டும் என்பதால் எஜமானர்களே மதம் மாறவிடாமல் தடுக்கிறார்களாம். சிலுவையைத் தோளில் தைத்துக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்!

குடியேறிகள் எல்லோரும் நகரத்திலும் கோட்டையிலும் ஒடுங்கியிருந்தார்கள் என்று நெடுங்காலம் ஆய்வாளர்கள் நம்பினார்கள். களஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் இருந்த பகுதிகளில் பிராங்குக் குடியானவர்கள் வீடு கட்டி, திராட்சை போட்டு, எண்ணெய் ஆட்டி வாழ்ந்திருக்கிறார்கள். பெத்கிபெலின் என்ற இடத்தில் 1168 சாசனம் ஒன்றில் 32 குடும்பங்கள். காஸ்கனி, லொம்பார்டி, கத்தலோனியா என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். ஊரில் குத்தகைக்காரனாக இருந்தவன் இங்கே வாரிசுக்கு விடக்கூடிய, விற்கக்கூடிய நிலத்துக்குச் சொந்தக்காரன். அர்மீனியப் பெண்களையும் சிரியக் கிறிஸ்தவப் பெண்களையும் மணந்துகொண்டார்கள். அரச குடும்பமும் அப்படியே, அரசி மெலிசெண்டின் தாய் அர்மீனியர்.

காலனியாதிக்கம் என்றவரும் பாதிதான் சரி. மேலே ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்து கீழே உழுபவனிடம் பாதி வாங்கியது உண்மை. ஆனால் காலனியில் செல்வம் தாய்நாட்டுக்குப் போகும். இங்கே தாய்நாடென்று ஒன்று இல்லை, பணமும் எதிர்த்திசையில் ஓடியது. ஹாஸ்பிட்டலர், டெம்ப்ளர் துறவி வீரர் சபைகளுக்கு ஐரோப்பா முழுக்க நிலபுலன்கள். அங்கே விளைந்தது இங்கே கோட்டையாக நின்றது. லாபக்கணக்குப் போட்டால் ஐரோப்பாவுக்கு இது சுத்த நஷ்டம்.

இனி கோட்டைக்கு வருகிறேன். கோட்டை என்றதும் நமக்கு முற்றுகைதான் ஞாபகம் வரும். முற்றுகை எப்போதோ ஒருமுறை. மற்ற நாட்களில் அது நம்மூர்ப் பழைய தாலுகா கச்சேரி மாதிரி. வார நெல்லுக்குப் பதில் வாரக் கோதுமை வந்து சேரும், வழக்கு விசாரிப்பார்கள், கரும்பாலைக் கணக்கு பார்ப்பார்கள். போரில் கோட்டை உதவும், ஆனால் வெளியிலிருந்து ஒரு படை வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான். 1187 ஜூலை 4-இல் ஹத்தீனில் சலாதீனுடன் நடந்த போர் இதற்குச் சான்று. கோட்டைகளைக் காலிசெய்து திரட்டிய சுமார் 1,200 குதிரை வீரர்கள் ஒரே நாளில் போனார்கள். சில நாட்களில் ஆக்கர் கதவைத் திறந்தது, அக்டோபர் 2-இல் ஜெருசலேம். அத்தனை மதில்களும் அப்படியே இருந்தன, உள்ளே ஆள் இல்லை. ஜெருசலேம் அரசில் பிடிபடாமல் நின்ற ஒரே நகரம் தீரு. அங்கே சரியான நேரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினார் மொன்ஃபெராத்தின் கொன்ராத். அந்த ஒரு துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு 1191-இல் ஆக்கரை மீட்டு, 1229 முதல் 1244 வரையிலான இடைவெளி தவிர ஜெருசலேமே இல்லாமல் ‘ஜெருசலேம் அரசு’ என்ற பெயரில் இன்னும் நூறு வருடம் ஓட்டினார்கள்.

பின்னாளில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சுல்தான் பைபர்ஸ் 1266-இல் சஃபத் கோட்டையையும் 1271-இல் பெயர்பெற்ற கிராக் தெ ஷெவாலியே கோட்டையையும் பிடித்தபோது இடிக்கவில்லை. பழுதுபார்த்துத் தன் படையைக் குடிவைத்தார். கடற்கரையில்தான் கடப்பாரை போட்டார். செசரியா, அர்சுஃப், யோப்பா எல்லாம் தரைமட்டம். அஸ்கலோன் துறைமுகத்தைக் கல்லைக் கொட்டி மூடினார். 1291 மே மாதம் ஆக்கர் விழுந்த பிறகு, இனி ஒரு கப்பல் வந்து ஆள் இறக்கக்கூடாது என்று அப்போதைய சுல்தான் மிச்சமிருந்த கரையோர நகரங்களுக்கும் அதையே செய்தார்.