மருத்துவர் பதில்: சைக்கிள் ஓட்டத்தில் முழங்கால் நோவும் விரல் விறைப்பும்

கேள்வி: எனக்கு வயது 52. ஆரையம்பதியில் இருக்கிறேன். கந்தோரில் கதிரையில் இருந்து செய்யும் வேலை. ஆறு வருடமாக நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் பாவிக்கிறேன். மகன் விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிளில் மூன்று மாதமாகக் காலையில் மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் ஒழுங்கைகளில் ஓடுகிறேன். போய்வர 20 கிலோமீற்றர் வரும். இப்போது முழங்கால் சில்லைச் சுற்றி நோகிறது. மோதிர விரலும் சின்னி விரலும் உணர்ச்சி குறைந்து விறைக்கின்றன. போன கிழமை திரும்பி வரும்போது பாலத்தடியில் கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெல்ல வீடு வந்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, சைக்கிளை விடச் சொல்கிறா மனைவி. விடத்தான் வேண்டுமா, டொக்டர்?

பதில்: விட வேண்டாம். நீரிழிவு உள்ளவருக்கு இதைவிட நல்ல பழக்கம் சொல்லித்தர எனக்குத் தெரியாது. தொடைத் தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்து எரிக்கிறது. இறங்கிய பிறகும் ஒரு நாளுக்கு மேல் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக ஒத்துழைக்கும். 2014இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து, பாதை என்ற மிதவைக்குக் காத்து நிற்காமல், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு நேரே ஓடிப் போகலாம். லொறி, பஸ் நெருக்கடி குறைந்த ஒழுங்கைகள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனாலும் கீழே சொல்வதைச் சரிசெய்யும்வரை சைக்கிளில் ஏற வேண்டாம்.

நீங்கள் முழங்காலை முதலில் எழுதி, நடுக்கத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நடுக்கம்தான். அது பெரும்பாலும் சீனி இறங்கியதால் வந்தது. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அப்படி இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் வேறு மாதிரி: வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். விடியக் குளுசையைப் போட்டு, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் மிதித்தால் சீனி இறங்காமல் என்ன செய்யும்? நம் பக்கத்தில் பலர் இப்படித்தான் புறப்படுகிறார்கள். கிளிக்கிளசைட் காலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து. ஓடிவிட்டு வந்து, புட்டோ இடியப்பமோ கோப்பையில் வைத்த பிறகு போடலாமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் கிளினிக் டொக்டரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

புறப்பட முன் குளுக்கோமீற்றரில் குத்திப் பாருங்கள். 100க்குக் குறைவென்றால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 300ஐத் தாண்டி, தாகமும் சோர்வும் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். பையில் தண்ணீரோடு, மூன்று தேக்கரண்டி சீனியை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், இதில் எது வந்தாலும் உடனே இறங்கி, நிழலில் இருந்து, அந்தச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் இருந்து பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்த பிறகு பிஸ்கட் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும். பாலத்தின் மேலே வந்தால், கரைக்குப் போய்ப் பார்ப்போம் என்று மிதிக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்புச் சிலவேளை நெஞ்சு நோவே இல்லாமல், வியர்வையும் களைப்புமாக மட்டும் வரும். அதனால் மறுபடி ஓடத் தொடங்க முன் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டிவிடுங்கள். சீனி குடித்தும் அடங்காத வியர்வை, மூச்சு முட்டு, நெஞ்சில் இறுக்கம் என்றால் வீட்டுக்கு ஓடிவரப் பார்க்க வேண்டாம். அந்த இடத்திலேயே இருந்துகொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

சரி, இனி முழங்காலுக்கு வருவோம். மூன்று மாதத்தில் முழங்கால் தேயாது. பழைய தேய்வு கொஞ்சம் இருந்தாலும், அதற்கும் நாங்கள் பரிந்துரைப்பது சைக்கிள்தான். உடம்பின் பாரத்தைச் சீற் தாங்கிக்கொள்ள, மூட்டு பாரமில்லாமல் அசையும். சில்லைச் சுற்றி, முன்பக்கம் நோகிறது என்றால் நான் முதலில் கேட்பது: சீற் எவ்வளவு உயரம்? இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைப் பதித்து வைப்பது நம் ஊர் வழக்கம். நிற்கும்போது அது பயமில்லாமல் இருக்கும். மிதிக்கும்போதோ முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய நிலையில் அழுத்தும் விசையெல்லாம் முழங்கால் சில்லின் பின்பக்கத்தில் போய் விழும்.

வீட்டு மதிலோடு சைக்கிளைச் சாய்த்து, வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு ஏறி இருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, குதிக்காலை அதில் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். ஒரேயடியாக உயர்த்தாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை சென்ரிமீற்றராக ஏற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் நோகத் தொடங்கினால் கூடிவிட்டது என்று அர்த்தம். நிற்கும்போது இனிக் கால் நுனிதான் நிலத்தில் படும். சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கியர். மட்டக்களப்பில் மலை ஏற்றம் கிடையாது, ஆனால் கச்சான் காற்று இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் நீங்கள் மேற்கே போகும் வழியெல்லாம் அது முகத்தில் அடிக்கும். வயல்வெளியில் மறைப்புக்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில், பாரமான கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதுதான் முழங்காலைக் கெடுக்கிறது. காற்று எதிர்த்தால் கியரை இலேசாக்குங்கள், வேகம் குறைந்தால் குறையட்டும். நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் குறையாமல் கால் சுழல வேண்டும். பத்து விநாடிக்கு 12 சுற்று என்று எண்ணிப் பார்த்தால் சரியாக வரும்.

ஒரு கிழமை ஓய்வு, நோகும் இடத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ், கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டிப் பத்து விநாடி பிடிக்கும் பயிற்சி, இது போதும். எக்ஸ்ரே இப்போது வேண்டாம். மூட்டு வீங்கினால், நடக்கும்போது பூட்டிக்கொண்டால் அல்லது மடிந்து விட்டால், இரவில் நோவால் நித்திரை கெட்டால் நேரில் காட்டுங்கள்.

விரல் விறைப்புக்கு வேறு காரணம். மோதிர விரலுக்கும் சின்னி விரலுக்கும் போகும் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சின்னி விரல் பக்கமாக ஒரு சிறு இடுக்கால் நுழைகிறது. ஹாண்டிலில் பாரம் விழும் இடமும் அதுவே. கிறவல் ஒழுங்கையில் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். இங்கே ஒரு சிக்கல்: முழங்காலுக்காகச் சீற்றை உயர்த்தினால் உடம்பு முன்னுக்குச் சாய்ந்து கைக்குப் பாரம் கூடும். ஆகவே அதே நாளில் ஹாண்டிலையும் உயர்த்தச் சொல்லுங்கள். சைக்கிள் மகனின் அளவுக்குப் பூட்டியது, உங்கள் அளவுக்கு அல்ல. டயரைக் கல் மாதிரி இறுக்க வேண்டாம். கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் விறைப்பு நின்றால், பிடி தளர்ந்தால் காட்ட வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்தால் அது இன்னொரு நரம்பு. நீரிழிவு உள்ளவருக்கு அடிக்கடி வருவது, சைக்கிளின் மேல் பழியைப் போடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, பலர் கூச்சத்தில் எழுதுவதில்லை. சீற்றில் படும் இடமும் பிறப்புறுப்பும் உணர்ச்சியில்லாமல் விறைத்தால் அசட்டை செய்யாதீர்கள். சீற்றின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறதா என்று பார்த்து மட்டமாக வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். மெத்தென்ற உறை வாங்கிப் போடுவது இதற்குத் தீர்வாகாது.

செருப்போடு ஓடுகிறீர்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும். நீரிழிவுக் காலில் நெருஞ்சி முள் ஏறினாலும் தெரியாமல் போகலாம். மூடிய சப்பாத்துப் போட்டு, வந்ததும் பாதத்தை அடிவரை பாருங்கள்.

இருள் விலகிய பிறகு புறப்படுங்கள். படுவான்கரையின் உட்புறங்களில் யானை நடமாட்டம் உண்டு. புதிய ஒழுங்கை என்றால் முதலில் ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பதைவிட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடப்பது நல்லது. கடித்துவிட்டாலோ தோல் கீறினாலோ, கிடைக்கும் தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி இலவசம். அது ஊசி போட்ட நாய்தான் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் போய்க் காட்டுங்கள்.